நிறம் மாறும் சொட்டு

கல்லூரியில் அவனுக்குப் பெயர் பென்சில். முதலாம் ஆண்டு விலங்கியல் செய்முறை நோட்டில் மற்றவர்கள் தவளையின் தமனிக்கு ஒரு வண்ணமும் சிரைக்கு ஒரு வண்ணமுமாகத் தீட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் வெறும் பென்சிலால் நிழல் தட்டியே அத்தனையும் வரைந்து வைத்தான். துறைத்தலைவி மேடம் அந்த நோட்டை உயரத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினார்.

"பாத்துக்கோங்க. கலர் அடிச்சு ஏமாத்தாம வரையறவன் இவன் ஒருத்தன்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். பென்சில் நோட்டை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான். ஏமாற்றுவது அவன்தான் என்பது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் கூடப் பிறந்த அக்கா தங்கைகள் மாதிரி. ஒருத்தியை இன்னொருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவான். அவன் அம்மா தையல்காரி. சிறுவயதில் அவனிடம் பச்சை நூல் எடுத்துவரச் சொன்னால் பழுப்பு நூலைக் கொண்டுவந்து நீட்டுவான். முதல் தடவை அம்மா சிரித்தாள். அடுத்த தடவை குறும்பு என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கும் அடுத்த தடவை மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, தையல் இயந்திரத்தின் மேல் கையூன்றி, அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணனுக்கும் இதே கண். ரயில் ஓட்டும் வேலைக்குப் போனவரைக் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயரம் போதவில்லையாம் என்று அந்த வீட்டில் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவைத்தார்கள். அண்ணன் வாசல் நிலை இடிக்கிற அளவுக்கு உயரம். யாரும் நம்பவில்லை, ஆனால் யாரும் கிளறவும் இல்லை.

"இதப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது," என்றாள் அம்மா. "அப்பா காதுக்கும் போகக்கூடாது."

"ஏம்மா?"

"'உங்க வீட்டுச் சரக்கு'ன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லிட்டார்னா, ஆயுசுக்கும் நான் அதச் சுமக்கணும்டா."

அன்றிலிருந்து மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "கணக்குல ஏதுடா கலர்? பேசாம அதப் படியேன்." ஆனால் அவனுக்குச் சிறுவயது முதலே பூச்சி பொட்டு மேல்தான் கண். சுவரோரம் எறும்பு வரிசை போனால் சாப்பாட்டை மறந்து குந்திவிடுவான். உயிரியலும் சுற்றுச்சூழலும் சேர்ந்த பட்டப்படிப்பு என்று விளம்பரம் பார்த்தவுடன் விண்ணப்பித்துவிட்டான். அந்தப் படிப்பில் பாதிப் பேச்சு நிறத்தைப் பற்றியதுதான் என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

நுண்ணோக்கியில் ஊதாப் பாக்டீரியா எது, இளஞ்சிவப்புப் பாக்டீரியா எது? இலைப்புள்ளி பழுப்பா, பச்சையா? குளத்து நீரில் சொட்டு விடும்போது நிறம் எந்தச் சொட்டில் மாறியது? ஒவ்வொரு செய்முறை வகுப்பும் அவனுக்கு மதில்மேல் நடை.

விழாமல் காப்பாற்றியவள் அவனுடைய ஜோடி. அவளுக்குப் பெயர் ரேடியோ. வாயை மூடத் தெரியாதவள். ஆய்வகத்தில் இருவர் சேர்ந்து ஒரு மேசை. பியூரெட் என்கிற சொட்டுக்குழாயைத் திறந்துவிடுவது இவன், குடுவையைக் குலுக்குவது அவள். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல, லேசா மாறுது, ஐயோ மாறிடுச்சு, நிறுத்துடா!" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி அவள் கத்துவாள். இவன் நிறுத்துவான். பக்கத்து மேசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பென்சிலுக்கு அந்தச் சத்தம் தெய்வ வாக்கு. அவளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வராவிட்டால் இவனுக்கும் வயிற்றுவலி வந்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் மரபியல் பாடம் வந்தது. ஒரு காலை மேடம் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றோடு வகுப்பில் நுழைந்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். புள்ளிகளுக்குள்ளே ஒரு எண்.

"இன்னிக்கு நம்ம வகுப்புலயே நிறக்குருடு யாருக்காவது இருக்கான்னு பாக்கப் போறோம். வரிசையா எழுந்திரிச்சு நம்பரச் சொல்லுங்க. சும்மா ஜாலியாத்தான்."

முதல் பெஞ்சு எழுந்தது. "ஏழு." "நாப்பத்தஞ்சு." மேடம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பக்கம் திருப்பினார். முன்னால் இருப்பவன் சொன்னதைக் கேட்டுச் சொல்லவும் வழியில்லை. பென்சில் நான்காம் பெஞ்சு. எட்டிப் பார்த்தான். புள்ளிகள் தெரிந்தன, மணலைக் கொட்டிய மாதிரி வெறும் புள்ளிகள். இரண்டாம் பெஞ்சு முடிந்து மூன்றாம் பெஞ்சு எழுந்தபோது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"மேடம், வாந்தி வருது."

பொய்யும் இல்லை. கழிப்பறைக் கதவைத் தாழிட்டு, மணியடிக்கும் வரை உள்ளேயே நின்றான். குழாயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தூரத்தில் வகுப்பு 'ஓ'வென்று சிரிப்பது கேட்டது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? தன்னைப் பற்றித்தானோ?

வெளியே வந்ததும் ரேடியோ ஓடிவந்து ஒலிபரப்பினாள். "போச்சுடா, நல்ல கூத்த விட்டுட்டே! கடைசி பெஞ்சு தடியனுக்கு நிறக்குருடாம்! ஒரு நம்பர்கூடத் தெரியல. 'அதான் மேடம் எங்க வீட்ல என் சட்டையப் பாத்துச் சிரிக்கறாங்களா'ன்னான் பாரு, மேடமே சிரிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாடம் நடத்தினாங்க."

அவ்வளவுதான். தடியனை யாரும் வகுப்பை விட்டுத் துரத்தவில்லை. மறுநாள் இரண்டு பேர் அவனிடம் பேனாவைக் காட்டி "இது என்ன கலர்டா?" என்று சீண்டினார்கள், அதற்கு மறுநாள் அதுவும் நின்றுபோனது. பென்சிலுக்கு நெஞ்சு ஆறவில்லை. நானும்தான் என்று இப்போது போய்ச் சொன்னால், அப்படியானால் நேற்று ஏன் ஓடினாய் என்று கேட்பார்களே! கண்ணில் இருந்த குறையைவிட, ஓடி ஒளிந்ததுதான் இப்போது பெரிய குறையாக வளர்ந்து நின்றது.

தவறவிட்ட பாடத்தை ரேடியோவின் குறிப்பிலிருந்து எழுதிக்கொண்டான். வட்டமும் சதுரமும் போட்ட வம்ச வரைபடம். இந்தக் குறை மகனுக்கு அம்மாவிடமிருந்து வரும்; அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சுமந்துகொண்டு போவாள். மகளும் அப்படியே சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. எழுதிக்கொண்டே வந்த கை அந்த இடத்தில் நின்றது. அப்பா இன்னும் சொல்லாத அந்த வார்த்தை அறிவியல்படி சரி என்று ஆகிறது. அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் அக்கா இருந்தாள்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே மருந்து கொண்டுவரும் கம்பெனிக்காரர் ஒருவருக்கும் அவளுக்கும் மனம் ஒத்துப்போய், இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். இவன் படிப்பு முடிந்ததும் கல்யாணம். அம்மா இவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே எச்சரித்தாள்: வாயைத் திறக்காதே. பாதிக்குப் பாதி என்ற கணக்கை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா சாப்பாடு பரிமாறும்போது அவள் கையையே பார்ப்பான். "என்னடா முறைக்கிறே?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று தட்டில் குனிந்துகொள்வான்.

மூன்றாம் ஆண்டு முடிவில் இறுதிச் செய்முறைத் தேர்வு. ஜோடி கிடையாது. ஆளுக்கொரு மேசை, வாயைத் திறக்கக்கூடாது. சீட்டுக் குலுக்கி எடுத்ததுதான் சோதனை. மண்ணின் ஈரப்பதம் வந்தால் பிழைத்தான். மிதவை உயிரிகளை அடையாளம் காணச் சொன்னாலும் உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். நீரின் கடினத்தன்மை வந்தால் தொலைந்தான். திராட்சைச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் அந்த ஒரு சொட்டு அவன் கண்ணில் படவே படாது.

தேர்வு நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வகத்தில் பயிற்சிக்குத் தனியாகப் போனான். குடுவைக்கு அடியில் கைபேசி விளக்கை வைத்துப் பார்த்தான். வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. நிறம் என்பது ஒளிதானே, சில ஒளியை மட்டும் உள்ளே விட்டால் என்ன என்று ஒரு யோசனை பிறந்தது. எழுதுபொருள் கடையில் பரிசுப்பொருள் சுற்றுகிற கண்ணாடித்தாள் கட்டு ஒன்று வாங்கினான். பல வண்ணங்கள் கலந்தது. ஒவ்வொரு தாளாகக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொட்டு விட்டான். முதல் தாளில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. இன்னொன்றைப் பிடித்தபோது, வெளிச்சமாக இருந்த குடுவை ஒரே சொட்டில் விளக்கை அணைத்த மாதிரி இருண்டது.

பியூரெட்டை மூடிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி செய்தான். மறுபடி இருண்டது. அளவும் ஒத்துப்போனது. அந்தத் தாளில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மறந்துவிடாமல் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். வேறொரு கல்லூரியில் துண்டுச்சீட்டு வைத்திருந்த இருவரைத் தேர்வறையிலிருந்து எழுப்பிவிட்டார் என்ற செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சீட்டு எடுத்தார்கள். பென்சில் பிரித்துப் பார்த்தான். நீரின் கடினத்தன்மை.

நான்கு மேசை தள்ளி ரேடியோ இவனைப் பார்த்தாள். இன்றைக்கு ரேடியோவுக்கே வாய்ப்பூட்டு.

மாதிரி நீரை அளந்து ஊற்றினான். அமோனியா நெடி மூக்கில் ஏறியது. நிறங்காட்டியைச் சேர்த்தான். பியூரெட்டைத் திறக்கும்முன் அங்கியின் பையில் கைவிட்டுத் தாளை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். தாள் படபடவென்று ஒலித்தது.

"என்ன அது?"

தேர்வாளர் பின்னாலேயே நின்றிருந்தார். பென்சில் தாளைக் கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"கையில என்னய்யா? குடு இங்க."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். ஓரத்துப் புள்ளியைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு படுமளவுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மேடம் வேகமாக வந்தார்.

"சார், நல்ல பையன் சார் இவன்."

"நல்ல பையன் பிட்டு எதுக்கும்மா எடுத்துட்டு வரான்? என்ன கோட்வேர்டு இது, புள்ளி?"

"பிட்டு இல்ல சார்," என்றான் பென்சில்.

"அப்ப என்ன? சொல்லு. இல்லேன்னா எழுந்து வெளிய போ."

அம்மாவின் முகம் கண்முன் வந்தது. அக்காவின் முகம் வந்தது. வாசற்கதவு திறந்துதான் இருந்தது, எழுந்து போய்விடலாம். மூன்று வருடப் படிப்பு போகும், ரகசியம் நிற்கும். ஒரு கணம் உண்மையிலேயே போகலாம் என்றுதான் நினைத்தான். கால் எழும்பவில்லை. அதனால் வாய் திறந்தது.

"எனக்குக் கலர் தெரியாது சார். இத வெச்சுப் பாத்தா முடியற இடத்துல இருட்டாயிடும். அத வெச்சுத்தான் நிறுத்துவேன்."

"அடப்பாவி!" என்று நான்கு மேசை தள்ளி ஒரு குரல் வெடித்தது. தேர்வாளர் திரும்பிப் பார்க்க, ரேடியோ நுண்ணோக்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. தாளைத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் குடுவையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சரி, சிவப்புத் தாள எதுக்குத் தேர்ந்தெடுத்தே?"

பென்சில் விழித்தான். "சிவப்பா சார் அது?"

மேடம் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

தேர்வாளர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். "செய். என் முன்னாலயே செய்." பென்சில் செய்தான். குடுவை இருண்டது, நிறுத்தினான். "இன்னொரு தரம்." செய்தான். "இன்னொரு தரம்." வியர்வை இமையில் இறங்கிக் கண் எரிந்தது. மூன்று அளவும் ஒட்டியே வந்தன. தேர்வாளர் எழுந்து முக்காலியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

"அளவு சரியா இருக்கு. ஆனா இத உள்ள கொண்டு வர முன்னாடியே அனுமதி கேட்டிருக்கணும். அதுக்கு மார்க் குறைப்பேன்." அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் ரேடியோ வழிமறித்தாள்.

"ஏண்டா, மூணு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் உனக்கா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா இன்னும் தெளிவாக் கத்தியிருப்பேனே!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நிற்க நேரமில்லை. ரேடியோவின் அத்தை, அக்காவின் மருந்துக்கடைக்கு வாடிக்கையாக வருகிறவள். ஒலிபரப்பு வீடு போய்ச் சேரும்முன் இவன் போய்ச் சேர வேண்டும்.

அம்மா ஒரு சட்டைக் கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடியா? கல்யாணம் நெருங்கி நிக்கறப்பவா? என் தலையில மண்ண வாரிப் போட்டுட்டியேடா!"

அழுகைச் சத்தம் கேட்டுப் பணிமனை உடுப்போடு அப்பா வந்து நின்றார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பேச்சை எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தலைகுனிந்து, அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"உங்கண்ணன் நம்ம கல்யாணத்துக்கு ஒரு கால்ல பச்சையும் ஒரு கால்ல சிவப்புமா சாக்ஸ் போட்டுட்டு வந்தாரே, அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீ மறைச்சே. மறைக்கிறவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது?"

அம்மா அதற்கப்புறம்தான் அதிகமாக அழுதாள்.

அக்காவிடம் பென்சில் கணக்கையும் சேர்த்தே சொன்னான். அவள் சுமப்பதற்குப் பாதி வாய்ப்பு. சுமந்தால் பிறக்கிற பையனுக்கு அதிலும் பாதி. "நானே அவர்கிட்டச் சொல்லிடறேன்," என்றாள் அக்கா. மறுநாளே சொன்னாள். அவர் "சரி" என்றாராம். அதன்பிறகு சில நாள் அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. அந்த நாட்களில் வீட்டில் தொலைபேசி அடித்தால் நால்வருக்கும் தூக்கிவாரிப் போடும். பென்சிலுக்குத் தேர்வறையே மேல் என்று தோன்றியது.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா தானே கிளம்பி வந்தார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேராகப் பென்சிலைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சிக்னல்ல என்ன பண்ணுவே?"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன் அத்தை."

அந்த அம்மாள் யோசித்துத் தலையாட்டினார். ஆனால் போகும்போது, மூத்த மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். விடுமுறைதான் காரணமா, வேறு காரணமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது. என்றாலும் இடையில் போன அந்த மாதங்களில் அம்மாவுக்கு முன்நெற்றி முடி நரைத்துவிட்டது.

பென்சில் தேறினான், பிரமாதமான மதிப்பெண் இல்லை. இப்போது ஏரிகளைக் கணக்கெடுக்கும் ஒரு குழுவில் இருக்கிறான். தும்பியைப் பறக்கும் விதத்தை வைத்தும் சிறகு மடக்குவதை வைத்தும் இனம் சொல்லிவிடுவான். நிறம் எழுத வேண்டிய இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். வேலைக்குச் சேர்ந்த அன்று தலைவரிடம் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னான். சொல்லும்போது நாக்கு வறண்டது. ஒவ்வொரு புது ஆளிடம் சொல்லும்போதும் இன்னமும் வறள்கிறது.

அக்கா கல்யாணம் முடிந்த கையோடு பெரிய மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ரயில் வேலை கிடைக்காமல் போன அதே மாமா. அம்மா உள்ளே போன சமயம் பார்த்து நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"எப்படிடா சொன்னே? அத்தனை பேர் முன்னாடி?"

"நானாச் சொல்லல மாமா. மாட்டிக்கிட்டேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, அவர் தன் சட்டை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு அப்படி மாட்டிக்கவும் கொடுப்பினை இல்லடா," என்றார்.

"இப்பச் சொல்லிடுங்களேன் மாமா. அத்தை என்ன சொல்லப் போறாங்க?"

"சொல்லணும்," என்றார் மாமா. "சொல்லணும், சொல்லணும்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மாமா இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை.